பின்வரிசை எம்.பி.யின் பழைய கணக்கைப் படிப்பது எப்படி?

பிரிட்டனில் முறையான வதிவிட அனுமதியோடு வாழும் இந்திய, இலங்கைக் குடிமக்கள், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், பிரித்தானியக் குடியுரிமை பெறுவதற்கு முன்பே பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். இந்த உரிமை தமக்கு இருப்பதையே பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். அறிந்த கையோடு தேர்தலும் வந்துவிட்டால், கதவின் தபால் துளை வழியே விழும் துண்டுப் பிரசுரங்கள் அவர்களைக் குழப்புகின்றன. ஒரு பிரசுரம், தொகுதியில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் எம்.பி. ஏழைகளுக்கு எதிராக இத்தனை முறை வாக்களித்தார் என்கிறது. இன்னொன்று, அவர்தான் மனசாட்சிப்படி சொந்தக் கட்சியையே எதிர்த்தவர் என்கிறது. இரண்டும் ஒரே பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கலாம், இரண்டும் எழுத்தளவில் உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் பதிவேட்டை நேரடியாகத் திறந்து படிக்கப் பழகாதவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. இதில் நான் பேசுவது நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையைப் பற்றி மட்டுமே.

அமைச்சர்களின் பதிவேட்டைப் படிப்பதில் பெரிய சுவை கிடையாது. அவர்கள் அரசாங்கம் சொன்ன பக்கம் நிற்பார்கள், இல்லையென்றால் பதவி விலகுவார்கள். எதிர்க்கட்சியின் முன்வரிசையில் அமர்பவர்களும் ஏறத்தாழ அப்படித்தான். பதவி எதுவும் இல்லாமல் பின்வரிசையில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்தவரின் பதிவேட்டில்தான் ஒரு மனிதரின் போக்கு தெரியத் தொடங்கும். ஆனால் அதைப் படிப்பதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். அவற்றில் முதலாவது, மொத்த எண்ணிக்கைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு வாக்கும் எந்தக் கேள்விக்கு அளிக்கப்பட்டது என்று பார்ப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்துக்கு உதவுபவையே.

முதற்படி: ஆளையும் காலத்தையும் உறுதிசெய்தல்

இது எளிதாகத் தோன்றும், ஆனால் தவறு அதிகம் நேருவது இங்கேதான். 1997 முதல் 2005 வரை காமன்ஸ் சபையில் கேரத் தாமஸ் என்ற பெயரில் தொழிற்கட்சி உறுப்பினர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் வேல்ஸில் உள்ள க்ளூயிட் வெஸ்ட் தொகுதிக்கும், மற்றவர் தமிழர்கள் கணிசமாக வாழும் ஹாரோ வெஸ்ட் தொகுதிக்கும் உரியவர்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒருவர் பேசியதை மற்றவர் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஆகவே எப்போதும் பெயரோடு தொகுதியையும் சேர்த்துத் தேடுங்கள். எல்லை மறுவரையறையில் தொகுதியின் பெயர் மாறியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து அவருடைய காலத்தைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்சி ஆட்சியில் இருந்த ஆண்டுகள், எதிர்க்கட்சியாக இருந்த ஆண்டுகள், இடையில் அவர் ஏதேனும் பதவி வகித்த மாதங்கள், கட்சியிலிருந்து நீக்கப்பட்ட காலம் இருந்தால் அது ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இஸ்லிங்டன் நார்த் உறுப்பினர் ஜெரமி கோர்பினை எடுத்துக்கொண்டால், 1983 முதல் 2015 வரை 32 ஆண்டுகள் பின்வரிசை, பிறகு கட்சித் தலைமை, அதன்பின் மீண்டும் பின்வரிசை, 2020 இறுதியில் கட்சியின் உறுப்பினர் குழுவிலிருந்து நீக்கப்பட்டபின் சுயேச்சை என்று நான்கு துண்டுகள் வரும். இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரு சதவீதம் எடுத்தால், அந்தச் சதவீதம் எந்தக் கோர்பினைப் பற்றியதும் அல்ல.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

மூலப் பதிவு ஹான்சார்ட். அவையில் பேசப்பட்டதை ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்யும் அதிகாரபூர்வ அறிக்கை இது. திரும்பத் திரும்பச் சொன்னவையும் வாய்தவறியவையும் மட்டும் செப்பனிடப்பட்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உள்ள பழைய பதிவுகளையும் இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பெயர்ப்பட்டியலும் அதில் இருக்கும். நாடாளுமன்ற இணையதளத்தில் வாக்கெடுப்புகளுக்கென்றே தனிப் பக்கமும் இருக்கிறது.

பொதுமக்கள் அதிகம் பயன்படுத்துவது, மைசொசைட்டி என்ற அறக்கட்டளை நடத்தும் தேவொர்க்ஃபார்யூ என்ற தளம். அஞ்சல் குறியீட்டை இட்டால் உங்கள் உறுப்பினரின் பக்கம் வந்துவிடும். நல்ல தளம்தான், நானும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். ஆனால் அங்கே ஒரு பொருளின் கீழ் "பெரும்பாலும் எதிராக வாக்களித்தார்" என்பதுபோல ஒரு வரி இருந்தால், அது அவர் வாயிலிருந்து வந்த கொள்கை அறிவிப்பு அல்ல. தளத்தினர் தேர்ந்தெடுத்த சில வாக்கெடுப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்ட சுருக்கம் அது. அந்த வரியைச் சொடுக்கினால் உள்ளே எந்தெந்த வாக்கெடுப்புகள் இருக்கின்றன என்று காட்டும். அதைச் சொடுக்காமல் அந்த வரியை யாரிடமும் மேற்கோள் காட்டாதீர்கள்.

மூன்றாம் படி: அந்தக் கால் மணி நேரத்தைப் புரிந்துகொள்ளுதல்

பெயர்ப்பட்டியல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அதில் இல்லாதவை ஏன் இல்லை என்பது விளங்கும்.

விவாதம் முடிந்ததும் சபாநாயகர் கேள்வியை வாசித்து, ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும் குரல் கொடுக்கச் சொல்கிறார். ஒரு பக்கம் மட்டுமே குரல் எழுந்தால் தீர்மானம் அப்போதே நிறைவேறிவிடும். பெயர்கள் பதிவாவதில்லை. இரு பக்கமும் குரல் எழுந்து, யாரும் விட்டுக்கொடுக்காவிட்டால்தான் டிவிஷன் எனப்படும் வாக்கெடுப்பு. கட்டடம் முழுவதும் மணிகள் ஒலிக்கும். நூலகத்திலும் தேநீர் அறையிலும் அலுவலகங்களிலும் இருப்பவர்கள் விரைந்து வருவார்கள். எட்டு நிமிடம் கழித்துக் கதவுகள் பூட்டப்படும். ஆதரவாளர்கள் சபாநாயகரின் வலப்புறத்து லாபி என்ற நடைகூடம் வழியாகவும், எதிர்ப்பவர்கள் இடப்புறத்து லாபி வழியாகவும் நடந்து செல்வார்கள். முன்பு எழுத்தர்கள் உயரமான மேசையில் அமர்ந்து பெயர்களைக் குறித்தார்கள். 2020 முதல் உறுப்பினர்கள் தங்கள் அடையாள அட்டையைக் கருவியில் காட்டிச் செல்கிறார்கள். வெளிவாசலில் நின்று தலைகளை எண்ணுவதற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு எண்ணிக்கையாளர்கள், அதாவது டெல்லர்கள். மொத்தமும் ஏறத்தாழ கால் மணி நேரம்.

இதிலிருந்து முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குரல் வாக்கில் நிறைவேறியவை யாருடைய பதிவேட்டிலும் வராது என்பது. 2050க்குள் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தை நிகர பூஜ்யமாக்குவதைச் சட்டப்பூர்வ இலக்காக்கிய ஆணை 2019 ஜூன் 24 அன்று காமன்ஸ் சபையில் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. அந்த நாட்டின் பொருளாதாரத்தைப் பல பத்தாண்டுகளுக்குக் கட்டுப்படுத்தும் ஒரு முடிவு அது. 650 உறுப்பினர்களில் ஒருவருடைய வாக்களிப்புப் பட்டியலிலும் அது இல்லை. அன்று யார் எழுந்து பேசினார் என்று ஹான்சார்டில்தான் பார்க்க முடியும்.

டெல்லர்களின் வாக்கும் அப்படித்தான். அவர்கள் எண்ணிக்கையில் சேர்க்கப்படுவதில்லை, பட்டியலின் முடிவில் தனியாகக் குறிக்கப்படுவார்கள். எந்தப் பக்கத்துக்கு எண்ணினார்களோ அந்தப் பக்கத்தவர்கள் என்பது பொதுவான பொருள். இந்தப் பயிற்சியைத் தொடங்கிய புதிதில் நான் ஒரு மூத்த உறுப்பினரைப் பற்றி எழுதிக்கொடுத்த குறிப்பில், முக்கியமான ஒரு வாக்கெடுப்புக்கு அவர் வரவே இல்லை என்று எழுதிவிட்டேன். அவர் வந்திருந்தது மட்டுமல்லாமல், கலகக்காரர்கள் பக்கத்துக்கு வாசலில் நின்று தலை எண்ணியவரே அவர்தான். பட்டியலின் கடைசி வரியை நான் படிக்கவில்லை. ஒரு பின்வரிசை உறுப்பினர் தன் கட்சிக்கு எதிராக டெல்லராக நிற்பது, சாதாரணமாக எதிர்த்து வாக்களிப்பதைவிட ஒரு படி அழுத்தமான செயல் என்று பின்னர்தான் புரிந்தது.

நான்காம் படி: கேள்வியைப் படித்தல்

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்.

"ஈராக் போரை ஆதரித்தாரா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 2003 மார்ச் 18 அன்று இரவு இரண்டு பெரிய வாக்கெடுப்புகள் நடந்தன. முதலாவது, போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்று கூறிய ஒரு திருத்தத்தின் மீது. 217 பேர் ஆதரித்தார்கள், 396 பேர் எதிர்த்தார்கள். ஆளும் தொழிற்கட்சியிலிருந்தே 139 பேர் திருத்தத்தின் பக்கம் சென்றார்கள். அது தோற்றபின், அரசாங்கத்தின் மூலத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 412 பேர் ஆதரவு, 149 பேர் எதிர்ப்பு. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று பாருங்கள். திருத்தத்துக்கு ஆதரவாக 217 பேர் நின்றார்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாமல் மூலத் தீர்மானத்தை எதிர்த்தவர்கள் 149 பேர்தான். முதல் வாக்கெடுப்பில் தயக்கத்தைப் பதிவுசெய்துவிட்டு, அது தோற்றதும் இரண்டாவதில் வாக்களிக்காமல் இருந்தவர்கள் உண்டு. படைகள் புறப்படப்போகும் இரவில் அவற்றுக்கு எதிராக நிற்க மனமில்லாமல் அரசாங்கத்தின் பக்கம் சென்றவர்களும் உண்டு. இரண்டாவது பட்டியலை மட்டும் படித்தால் இவர்களுடைய தயக்கம் கண்ணில் படாது. முதலாவதை மட்டும் படித்தால் எல்லோரும் இறுதிவரை எதிர்த்தவர்களாகத் தெரிவார்கள்.

மசோதா என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டாம் வாசிப்பில் வாக்களிப்பது மசோதாவின் பொதுக் கொள்கையின் மீது. குழு நிலையிலும் அறிக்கை நிலையிலும் வாக்களிப்பது ஒவ்வொரு பிரிவின் மீதும் திருத்தத்தின் மீதும். மூன்றாம் வாசிப்பில் வாக்களிப்பது முடிந்த வடிவத்தின் மீது. விவாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்பதற்குக்கூட வாக்கெடுப்பு நடக்கும். நேரம் போதாது என்பதற்காக அதை எதிர்த்தவரை, மசோதாவையே எதிர்த்தவர் என்று பிரசுரத்தில் எழுதுவது மிக எளிது. எதிர்க்கட்சி கொண்டுவந்த திருத்தத்தை நிராகரித்தால், "அந்த நல்ல நோக்கத்துக்கு எதிரானவர்" என்பதும் இதே ரகம்தான். திருத்தம் எழுதப்படும்போதே, அதை எதிர்ப்பது பார்வைக்கு மோசமாக இருக்கட்டும் என்று நினைத்து எழுதுவது இரண்டு பெரிய கட்சிகளுக்கும் கைவந்த கலை.

இன்னொரு சிக்கல், ஒரே லாபியில் எதிரெதிர் காரணங்கள் நடந்து செல்வது. 1985 நவம்பரில் ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தத்தை 473 பேர் ஆதரித்தார்கள், 47 பேர் எதிர்த்தார்கள். டப்ளினில் உள்ள அயர்லாந்து அரசாங்கத்துக்கு வட அயர்லாந்து விவகாரங்களில் கருத்துச் சொல்ல இடம் தருகிறது என்று, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் எதிர்த்தார்கள். அயர்லாந்தின் எல்லைக்கோட்டை அது உறுதிப்படுத்திவிடுகிறது என்று கோர்பினும் எதிர்த்தார். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கவும் விரும்பாதவை, ஆனாலும் பட்டியலில் அருகருகே நிற்கின்றன. 2019 ஜனவரி 15 அன்று தெரசா மேயின் பிரெக்ஸிட் ஒப்பந்தம் 202க்கு 432 என்று தோற்றபோதும் இதுவே நடந்தது. அந்த 432 பேரில் ஒப்பந்தம் போதுமான அளவு விலகவில்லை என்றவர்களும் இருந்தார்கள், விலகவே கூடாது என்றவர்களும் இருந்தார்கள். ஆகையால் வாக்கைக் கண்டதும் அன்றைய உரையைத் தேடுங்கள். உரையாற்றவில்லையென்றால், காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஐந்தாம் படி: கொறடாவை நினைவில் வைத்தல்

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு சிறு இடறல் உண்டு. 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிரிட்டனில் அப்படி இல்லை. கொறடாக்கள் வாரந்தோறும் அனுப்பும் சுற்றறிக்கையில் ஒரு வாக்கெடுப்பின் கீழ் மூன்று கோடுகள் போட்டிருந்தால் வந்து சொன்னபடி வாக்களிக்க வேண்டும் என்று பொருள். அதை மீறினால் கட்சி தன் உறுப்பினர் குழுவிலிருந்து அவரை நீக்கலாம், ஆனால் தொகுதியை அவரிடமிருந்து எடுக்க முடியாது. 2019 செப்டம்பர் 3 அன்று நாடாளுமன்ற அலுவலின் கட்டுப்பாட்டை அரசாங்கத்திடமிருந்து எடுக்க வாக்களித்த 21 கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் அன்றிரவே நீக்கப்பட்டார்கள். 1970 முதல் அவையில் இருந்த கென் கிளார்க்கும் அவர்களில் ஒருவர். 2024 ஜூலையில் இரண்டு குழந்தை உதவித்தொகை வரம்பை நீக்கக் கோரிய திருத்தத்தை ஆதரித்த ஏழு தொழிற்கட்சி உறுப்பினர்களுக்கும் அதுவே நேர்ந்தது.

கொறடா என்ன சொன்னார் என்பதை ஹான்சார்ட் எழுதுவதில்லை. அது கட்சியின் உள் விவகாரம். ஆகவே "கட்சியை எதிர்த்தார்" என்று கணக்கிடும் தளங்கள், கட்சியினரில் பெரும்பான்மையோர் எந்தப் பக்கம் நின்றார்களோ அதையே கட்சி நிலைப்பாடு என்று ஊகிக்கின்றன. சுதந்திர வாக்கு அளிக்கப்படும் நாட்களில் இந்த ஊகம் தவறிப்போகும். கருக்கலைப்பு, மரண தண்டனை போன்றவை மரபாக மனசாட்சிக்கு விடப்படும் பொருள்கள். 2024 நவம்பர் 29 அன்று தீராநோயாளர்களின் உதவிபெற்ற மரணம் பற்றிய மசோதா இரண்டாம் வாசிப்பில் 330க்கு 275 என்று நிறைவேறியபோது, இரு பெரிய கட்சிகளும் பிளந்து நின்றன. அன்று யாரும் யாரையும் மீறவில்லை.

கலகக்காரர் என்ற பெயரையும் அளந்து பாருங்கள். 1997 முதல் 2010 வரையான தொழிற்கட்சி ஆட்சியில் கொறடாவை அதிக முறை மீறிய தொழிற்கட்சி உறுப்பினர் கோர்பின். அது நானூறுக்கும் மேற்பட்ட முறை. ஆனால் அதே காலத்தில் நடந்த வாக்கெடுப்புகள் ஆயிரக்கணக்கானவை. கட்சியிலேயே முதன்மைக் கலகக்காரரும் பெரும்பாலான நாட்களில் கட்சியோடுதான் நடந்திருக்கிறார். மற்றவர்களுடைய கலகம் எவ்வளவு அரிது என்பது இதிலிருந்தே தெரியும். பத்து ஆண்டுகளில் இரண்டே முறை மீறியவரின் அந்த இரண்டு வாக்குகளைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன்.

ஆறாம் படி: வராத நாட்கள்

வராமை பற்றித்தான் பிரசுரங்கள் அதிகம் அநியாயம் செய்கின்றன. பதிவேட்டில் வெற்றிடம் ஒன்றுதான், அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் பல.

1979 மார்ச் 28 அன்று தொழிற்கட்சிப் பிரதமர் ஜேம்ஸ் கலஹனின் அரசாங்கத்தின் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 311க்கு 310 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது. அன்று வாக்களிக்காதவர்களில் இருவரைக் கவனியுங்கள். ஒருவர் சர் ஆல்ஃபிரட் ப்ராட்டன், 1949 முதல் பேட்லி அண்ட் மார்லி தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். அவர் யார்க்‌ஷயரில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். நோயுற்ற உறுப்பினரை ஆம்புலன்ஸில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும், லாபி வழியே நடக்காமலேயே அவர் வாக்கைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆனால் அந்தப் பயணத்தில் உயிர் போய்விடலாம் என்று அவரை அழைத்துவரவில்லை. சில நாட்களில் அவர் இறந்தார். மற்றவர் வட அயர்லாந்தின் சுயேச்சை உறுப்பினர் ஃபிராங்க் மக்வயர். அவர் கடல் கடந்து லண்டன் வந்தார், அவைக்கும் வந்தார், வாக்களிக்காமல் திரும்பினார். நேரில் வந்து வாக்களிக்காமல் இருப்பதற்காகவே வந்ததாகச் சொன்னார் என்பது இன்றும் பேசப்படும் கதை. ஒருவர் வர முடியாதவர், மற்றவர் வந்தும் மறுத்தவர். பட்டியலைப் பொறுத்தவரை இருவரும் ஒன்றே.

வாக்களிக்காமை என்ற ஒரு பிரிவு காமன்ஸ் பட்டியலில் இல்லை என்பதே இதற்குக் காரணம். தன் நடுநிலையைப் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று நினைக்கும் சிலர் இரண்டு லாபிகளிலும் நடப்பதுண்டு. அப்போது பெயர் இரு பட்டியலிலும் வரும், அது அச்சுப்பிழை அல்ல. சில வேளைகளில் கட்சியே வாக்களிக்க வேண்டாம் என்று சொல்லும். அப்படிச் சொன்ன நாளில் வாக்களித்தவர்தான் மீறியவர். ஒருவர் வரமுடியாதபோது எதிர்க்கட்சியிலிருந்து ஒருவரும் வராமலிருக்க ஒப்புக்கொள்ளும் ஜோடி ஏற்பாடும் உண்டு. இது கொறடாக்களின் வாய்மொழி நம்பிக்கையில் ஓடுவது. 2018 ஜூலையில், மகப்பேறு விடுப்பிலிருந்த ஜோ ஸ்வின்சனுக்கு ஜோடியாக இருந்த பிராண்டன் லூயிஸ் வாக்களித்துவிட்டதால் பெரும் சர்ச்சை எழுந்தது. அதன்பின் 2019 தொடக்கத்தில் குழந்தை பெற்றவர்களுக்குப் பதிலாள் வாக்கு முறை சோதனையாக வந்தது, பின்னர் அது நீடித்த நோயுற்றவர்களுக்கும் விரிந்தது. ஹான்சார்டில் பெயருக்குப் பக்கத்தில் இன்னார் மூலம் அளிக்கப்பட்ட வாக்கு என்று குறிப்பிருந்தால் அதுதான்.

சபாநாயகரும் துணைச் சபாநாயகர்களும் வாக்களிப்பதில்லை, வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சி உறுப்பினர்கள் அவையில் அமர்வதே இல்லை. இவர்களை வருகைப் பட்டியலில் கடைசியாகக் காட்டும் தரவரிசை எதையாவது கண்டால் அதைத் தூக்கி எறியுங்கள்.

ஏழாம் படி: வாக்குக்கு வெளியே உள்ள வேலை

பின்வரிசை உறுப்பினரின் உண்மையான உழைப்பு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை மிக எளிதாக ஏமாற்றுவதும் இங்கேதான். தேவொர்க்ஃபார்யூ தளம் ஒரு காலத்தில் உறுப்பினர்களின் பேச்சு எண்ணிக்கைகளோடு, அவர்கள் மோனைச் சொற்கள் மூன்றை அடுத்தடுத்து எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்ற கணக்கையும் வெளியிட்டது. எண்களை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்பதைக் கிண்டலாகச் சொன்ன விதம் அது. மோனை நமக்குச் சொந்தமான சரக்கு என்பதால் எனக்கு அந்தக் கிண்டல் இரட்டிப்பாகப் பிடித்திருந்தது.

எழுத்துபூர்வக் கேள்விகளைப் பொறுத்தவரை எண்ணிக்கையைவிடத் தொடர்ச்சிதான் முக்கியம். 1962 முதல் 2005 வரை உறுப்பினராக இருந்த ஸ்காட்லாந்தின் டாம் டேலியல், 1982 மே 2 அன்று ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பலைப் பிரிட்டன் மூழ்கடித்தது பற்றி ஆண்டுக்கணக்கில் கேள்வி எழுப்பிக்கொண்டே இருந்தார். கப்பல் எந்தத் திசையில் சென்றது, அது யாருக்கு எப்போது தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பாண்டிங் அவருக்கு ஆவணங்களை அனுப்பி, அதற்காக வழக்குத் தொடரப்பட்டு, 1985இல் ஜூரியால் விடுவிக்கப்பட்டார். இந்த முயற்சியின் எடை டேலியலின் வாக்களிப்புப் பட்டியலில் எங்கும் தெரியாது. உங்கள் உறுப்பினரின் கேள்விகளைப் பார்க்கும்போது ஒரே பொருளில் பதில் வந்தபின் மீண்டும் கேட்டிருக்கிறாரா, பதிலின் ஓட்டையைப் பிடித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

தனிநபர் மசோதாக்களும் அப்படியே. பெரும்பாலானவை ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் இரண்டரை மணிக்கு யாரோ ஒருவர் "ஆட்சேபம்" என்று குரல் கொடுத்ததும் முன்னேறாமல் நின்றுவிடும். ஆனாலும் நெல்சன் அண்ட் கோன் தொகுதியின் சிட்னி சில்வர்மன் மரண தண்டனைக்கு எதிராக 1948இல் முயன்றார், பிரபுக்கள் சபை மறித்தது. 1956இல் முயன்றார், மீண்டும் மறித்தது. 1965இல் கொலைக்கான மரண தண்டனையை நிறுத்திவைக்கும் சட்டம் அவருடைய மசோதாவிலிருந்தே பிறந்தது. ஆகவே தோற்ற மசோதாக்களின் பட்டியலைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஒரே மசோதா மறுபடி மறுபடி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏர்லி டே மோஷன் எனப்படும் தீர்மானங்களில் கையெழுத்திடுவதற்குச் செலவு ஏதும் இல்லை, அவை விவாதத்துக்கு வருவது மிக அரிது. ஒருவர் நூறு தீர்மானங்களில் கையெழுத்திட்டார் என்பதைவிட, அவர் முதலாவதாகக் கையெழுத்திட்டு முன்வைத்த ஒன்று இரண்டைப் படிப்பது மேல். மேலே சொன்ன 1979 தீர்மானமும் முதலில் அந்த வடிவில்தான் தாக்கலானது என்பது விதிவிலக்கு. தெரிவுக் குழுவில் அவர் சாட்சிகளைக் கேட்ட கேள்விகள், நாளின் முடிவில் அரை மணி நேரம் நடக்கும் ஒத்திவைப்பு விவாதங்கள், நிதி நலன்களின் பதிவேடு ஆகியவற்றையும் ஒரு முறை புரட்டுங்கள். ஒத்திவைப்பு விவாதங்களில் தவறாமல் எழுந்து பேசுவதற்காகவே பெயர் பெற்ற வட அயர்லாந்தின் ஜிம் ஷானனைப் போன்றவர்களின் எண்ணிக்கையை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

எட்டாம் படி: உங்கள் தாள்

முப்பது ஆண்டையும் படிக்க யாராலும் முடியாது. உங்களுக்கு அக்கறையுள்ள நான்கைந்து பொருள்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று வாக்கெடுப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் வரிவரியாக எழுதுங்கள். என் தாளிலிருந்து கோர்பின் பற்றிய ஒரு வரி இது:

"2015 ஜூலை 20. நலத்திட்டச் சீர்திருத்த மசோதாவுக்கு இரண்டாம் வாசிப்புத் தரலாமா என்பது கேள்வி. முடிவு 308க்கு 124. இவர் எதிர்த்தார். கட்சி உத்தரவு வாக்களிக்க வேண்டாம் என்பது. 48 தொழிற்கட்சியினர் மீறினர். இவர் அப்போது தலைமைப் போட்டியில் இருந்தார், மற்ற மூன்று போட்டியாளர்களும் உத்தரவை ஏற்று வாக்களிக்காமல் இருந்தார்கள்."

கடைசி வாக்கியம் இல்லாமல் இந்த வரி கொள்கைப் பிடிப்பாக மட்டும் தெரியும். அது இருந்தால் அரசியல் கணக்கும் இருந்திருக்கலாம் என்பது புரியும். எது உண்மை என்று நான் தாளில் எழுதுவதில்லை. அவர் அதற்கு முன் இருபது ஆண்டுகளாகப் பதவிக்கு வழியே இல்லாத காலத்திலும் இப்படித்தான் வாக்களித்தாரா என்று மேலே உள்ள வரிகளைப் பார்க்கிறேன்.

தாள் முடிந்தபின்னும் புரியாத ஒரு வரி எஞ்சினால் உங்கள் உறுப்பினருக்கே எழுதிக் கேட்கலாம். வேறு தொகுதிக்காரர்களுக்கு எம்.பி.க்கள் பதில் எழுதுவதில்லை என்பது மரபு, ஆகவே உங்கள் முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் கடிதத்தின் மேலேயே எழுதுங்கள். பல வாக்குகளைப் பற்றிக் கேட்டால் பொதுவான அச்சுப் பதில்தான் வரும். தேதி, கேள்வியின் வாசகம், அவர் நின்ற பக்கம் மூன்றையும் குறிப்பிட்டு ஒரே வாக்கைப் பற்றிக் கேளுங்கள். பதில் வந்ததும் அதைத் தேதியோடு அந்த வரியின் கீழே சேர்த்து, அவர் அன்று ஹான்சார்டில் சொன்ன காரணத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அடுத்த கடிதத்தில் கேட்க வேண்டியது அதுதான்.